அறுபது கோப்பைகளும் ஒரு பனிமலையும்

ஹேர்பெல் கப்பல்
3 ஜூலை 1971

அன்புள்ள தர்சா,

இந்தப் பயணத்தில் நடக்கும் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமை தராதவற்றையும் எழுதுவேன். நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இருக்கட்டும்டி, முட்டை ஓட்ட எங்க போட்ட?" என்றாள். கப்பலில் பயணிகளைக் கவனிப்பது அவள் வேலை, அவளுக்குக் கோப்பை கழுவித் தருவது என் வேலை. அதுதான் என் பயணச்சீட்டு.

எங்கள் அறையில் மூன்றாவது கட்டில் காலியாகவே கிடக்கிறது. அதில் நீ இருந்திருக்க வேண்டும். உன் அப்பாவுக்குச் சீட்டுக் குலுக்கலில் ஷாக் பாறை விழாமல் இருந்தால் இருந்திருப்பாய். பதினோரு வருடம் கழித்து நல்ல மீன்பிடி இடம் விழுந்தது என்று ஊரே சந்தோஷப்படுகிறது. நானும்தான். ஆனால் மீன் அறுக்க ஆள் வேண்டும் என்று உன்னை நிறுத்திவிட்டார்களே, அதைச் சொல்கிறேன். ஆகஸ்டில் விடுவதாகச் சொன்னார்கள் இல்லையா? அதுவரை நோஸ்வர்தி டீச்சரின் கேமரா என்னிடம், படம் கழுவும் தட்டுகளும் மருந்துப் புட்டிகளும் உன்னிடம். நியாயமான பங்கு என்று டீச்சர் சொன்னார். இன்று எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உனக்கு இருட்டு அறை அசையாமல் நிற்கிறது. எனக்கு எல்லாமே ஓடுகிறது.

கப்பல் ஓரக் கம்பியில் சாய்ந்து படம் எடுக்காதே என்று என் புகைப்படப் புத்தகம் சொல்கிறது, ஏனென்றால் இயந்திரத்தின் நடுக்கம் கம்பி வழியாகக் கேமராவுக்கு ஏறும். சரி, சாயவில்லை. சாயாமல் நின்றால் நான் ஆடுகிறேன். சமையலறைச் சூட்டிலிருந்து வெளியே ஓடினால் முகம் சிவக்கிறது, திரும்பி உள்ளே வந்தால் கேமராக் கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. துடைத்து முடிப்பதற்குள் கடலில் மிதக்கும் பனிமலை பின்னால் போய்விடுகிறது. தையல் இயந்திரம் விற்கப் போகும் ஒருவர் பக்கத்தில் நின்று, "மெதுவா எடு பாப்பா, அது எங்க ஓடிடப் போவுது?" என்றார். அது ஓடவில்லை ஐயா, நாம்தான் ஓடுகிறோம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

துணைக் கப்பல்தலைவர் ஓபட் மாமாவிடம், கப்பலை ஐந்து நிமிடம் மெதுவாக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன், அதுக்குத் தலை சீவி விடணுமா?" என்றார். "இது தபால் கப்பல், பொண்ணே. நிக்காது."

நேற்று மத்தியானம் உங்கள் மஸ்கெட் கோவுக்கு எதிரே போனோம். உங்கள் பனிமலை எவ்வளவு அழகு! ஒரு பக்கம் கிழிந்த துணிபோல, நடுவில் பச்சை நரம்பு ஓடுகிறது. பதினொரு படம் எடுத்தேன். கரை, கம்பம், குடிசை எதுவும் குறுக்கே வராமல், கடலும் வானமும் பனியும் மட்டும் வரும்படி மிகக் கவனமாக எடுத்திருக்கிறேன். கண்ணை இழுக்கும் குப்பையை விலக்கு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஃபிலிம் ரோலை இத்துடன் செயிண்ட் அந்தோனியில் தபாலில் போடுகிறேன். சீக்கிரம் கழுவி எழுது.

உன் லெவினா


மஸ்கெட் கோவ்
7 ஜூலை

லெவினா,

ரோல் வந்தது. பதினொரு படமும் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறம். வெள்ளையைப் பார்த்தால் கேமராவின் வெளிச்சமானி ஏமாந்துபோகும், அதனால் அது சொல்வதைவிட இரண்டு படி வெளிச்சம் கூட்டு என்று உன் புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியவளே நீதான். மூன்று படத்தில் கடல் சரிந்து ஓடுகிறது. ஒன்றில் உன் கட்டைவிரல்.

அதெல்லாம்கூடப் போகட்டும். கரையை ஏனடி வெட்டி எறிந்தாய்?

அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன, கல்யாணக் கேக்கா?" என்றார். "இது கைக்கு அடங்குற ஐஸா, ஊருக்கு அடங்காத ஐஸா?" படத்தில் ஒரு படகில்லை, பறவையில்லை, பாறையில்லை. எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரம், கடவுளுக்குத்தான் தெரியும்.

நீ கப்பலில் ஏறியபின் இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். ஒன்பது நாளாகப் பனிமூட்டம். நீ போன அன்று மட்டும்தான் வெளியில் தெளிவு. எங்களுக்கு அந்தப் பனிமலை பத்து நிமிடம் தெரிகிறது, இரண்டு நாள் மறைகிறது. அசரையா பெரியப்பா, அது சின்னது, பக்கத்தில் நிற்கிறது, கடலடி மேடான நீளத்திட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, மிதக்கிறது என்கிறார். அப்பா, அது பெரியது, தூரத்தில் நிற்கிறது, நீளத்திட்டில் தரை தட்டி உட்கார்ந்துவிட்டது, கோடை முழுக்க அசையாது என்கிறார். காலையில் தேநீரோடு ஆரம்பிக்கிறார்கள்.

"கண்ணு இருக்குதா உனக்கு, ஹெட்லி?"

"உனக்கு இருக்கிறது கண்ணு இல்லண்ணே, பயம்."

பெரியப்பா சொல்வது சரியென்றால் அடுத்த வடகிழக்குக் காற்றில் அது நேரே ஷாக் பாறை மேல் வரும். அங்கேதான் எங்கள் பெட்டி வலை நிற்கிறது. நாலு சுவரும் தரையும் வைத்து, அம்மாவும் பெரியம்மாவும் குளிர்காலம் முழுக்க முடிந்த வலை. அது போனால் எங்களுக்கு இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. அப்படியே பயந்து இப்போதே வலையைத் தூக்கினாலோ, மீன் கொட்டுகிற இந்த இரண்டு வாரம் போய்விடும். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த இடம்.

அதனால் திரும்பி வரும்போது இதைச் செய். அழகாக எடுக்க வேண்டாம். பனிமலைக்கு நேர் பின்னால் கலங்கரை விளக்கம் வரும்போது ஒரு படம். நேர் பின்னால் தேவாலயக் கூம்பு வரும்போது இன்னொன்று. இரண்டுக்கும் மணி குறித்துக்கொள். அன்றைக்குக் கப்பல் எந்த மணிக்கு எங்கே இருந்தது என்பதை ஓபட் மாமாவின் குறிப்பேட்டிலிருந்து எழுதி அனுப்பு. நான் வரைபடத்தில் இரண்டு நூல் கட்டுவேன். நூல்கள் வெட்டும் இடத்தில் பனிமலை நிற்கிறது. ஆம்பிளைகள் கத்துவது நிற்கும்.

கட்டைவிரலை மடக்கிக்கொள்.

தர்சா


ஹேர்பெல் கப்பல்
12 ஜூலை

தர்சா,

உன் கடிதம் செயிண்ட் அந்தோனியில் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவைகூட "எப்படி இருக்கிறாய்" என்று அதில் இல்லை.

உண்மையை எழுதுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்: நாற்பத்திரண்டாம் பக்கத்தை மறந்துவிட்டேன். அது என் தப்பு. ஆனால் நீ அசையாத மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறாய். நான் வடக்கே நைன் என்ற ஊர் வரை போய்த் திரும்பினேன். ஒரு நாள் காலை நாற்பத்தேழு பனிமலை எண்ணினேன். கடல் எண்ணெய்போல வழவழப்பாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் தலைகீழ் உருவம். அப்போது பார்த்து அம்மா, "லெவி! கஞ்சிப் பானை அடிப்பிடிக்குது!" என்று கத்தினாள். ஒரு படம்கூட இல்லை. கஞ்சியும் அடிப்பிடித்தது.

வேறு சில விவரங்களையும் பதிவு செய்கிறேன். கார்ட்ரைட்டில் லாப்ரடார் நேரத்துக்கு என் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் வைத்தேன், அந்த ஊரில் அதுதான் சரியான நேரம் என்பதால். கப்பலில் யாரும் அப்படிச் செய்வதில்லையாம். ஓபட் மாமா, "நாங்க எங்க போனாலும் எங்க வீட்டு மணியத்தான் கூட்டிட்டுப் போவோம்" என்று சிரித்தார். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது.

இப்போது உன் வேலை. இன்று மத்தியானம் பனிமூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகியது. நான் கை துடைக்காமலே ஓடினேன். கலங்கரை விளக்கம் பனிமலைக்கு நேர் பின்னால் வந்தபோது எடுத்தேன். ஜன்னல் வழியாகச் சாப்பாட்டு அறைக் கடிகாரம் தெரிந்தது, 3:10. இரண்டு படி வெளிச்சம் கூட்டினேன். எதிலும் சாயவில்லை. கட்டைவிரல் மடக்கியிருந்தது. உடனே அம்மா உள்ளே இழுத்துப் போனாள், தேநீர்க் கோப்பை அறுபதும் குவிந்து கிடந்தன. கழுவி, துடைத்து, கொக்கியில் மாட்டிவிட்டு, பின்தளத்துக்கு ஓடினேன். சரியாகத் தேவாலயக் கூம்பு பின்னால் வந்துகொண்டிருந்தது. எடுத்தேன். என் கைக்கடிகாரத்தில் 3:22. பன்னிரண்டு நிமிடத்தில் அறுபது கோப்பை! அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

ஓபட் மாமாவின் குறிப்பேட்டிலிருந்து மூன்று மணி முதல் நாலு மணி வரை கப்பல் நின்ற இடங்களை, தவறு, ஓடிய இடங்களை, தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மூன்று தடவை சரிபார்த்தேன். அவர் எட்டிப் பார்த்து, "எதுக்கு இதெல்லாம்?" என்றார். மஸ்கெட் கோவில் ஒரு சண்டையை நிறுத்துவதற்கு என்றேன். "அங்க சண்ட நின்னா அவங்களுக்குப் பொழுது எப்படிப் போகும்?" என்றார்.

ரோலையும் தாளையும் லூயிஸ்போர்ட்டில் தபாலில் போடுகிறேன். தயவுசெய்து இந்தத் தடவை ஒரு நல்ல வார்த்தையாவது எழுது.

லெவினா

பின்குறிப்பு: கைக்கடிகாரத்தின் வார் சற்றுமுன் அறுந்துவிட்டது. பெட்டியில் போட்டுவிட்டேன். உன் அவசரத்துக்கு ஓடியதால்தான்.


மஸ்கெட் கோவ்
17 ஜூலை

லெவினா,

எப்படி இருக்கிறாய்? போதுமா?

படங்கள் நன்றாக இருக்கின்றன. நல்ல வார்த்தை சொல்லிவிட்டேன், குறித்துக்கொள். பனி வெள்ளையாகவே இருக்கிறது. கலங்கரை விளக்கம் ஊசிபோலத் தெரிகிறது, தேவாலயக் கூம்பின் உச்சியில் இருக்கும் தகரச் சேவல்கூடத் தெரிகிறது.

நேற்று சாப்பாடு முடிந்ததும் வரைபடத்தை மேஜையில் விரித்தேன். 3:10க்குக் கப்பல் இருந்த இடத்தில் ஒரு குண்டூசி, கலங்கரை விளக்கத்தில் ஒன்று, நடுவே நூல். 3:22க்கு ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, நடுவே நூல். எல்லோரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள். நூல் இரண்டும் கரையிலிருந்து இரண்டு மைலில் வெட்டின. நேரே நீளத்திட்டின் மேல்.

அப்பா சொன்னது சரி. பெரியது, தூரத்தில் நிற்கிறது, தரை தட்டி உட்கார்ந்திருக்கிறது.

பெரியப்பா நூலை விரலால் தடவிப் பார்த்தார். "நூலு நேரா இருக்கு. ஐஸு நேரா இல்ல" என்றார். "நான் நாப்பது வருஷமா பாக்குறேன் தர்சா. அது கிட்டத்துல நிக்குது."

"நீங்க பாக்குறீங்க பெரியப்பா. நாங்க அளந்திருக்கோம்" என்றேன்.

அப்பா சிரித்தார். எனக்காகச் சிரித்தார் என்று நினைக்காதே. வலையைத் தூக்க வேண்டியதில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்று பத்து நாளாகக் காத்திருந்தார். நாம் சொல்லிவிட்டோம். வலை அங்கேயே நிற்கிறது. இன்று காலை மட்டும் இரண்டு படகு நிறைய மீன். என் கையெல்லாம் உப்பில் வெடித்திருக்கிறது, அதனால் கடிதம் இவ்வளவுதான்.

அறுபது கோப்பை என்று பீற்றாதே. உன்னை எனக்குத் தெரியும்.

தர்சா


ஹேர்பெல் கப்பல்
21 ஜூலை, மாலை

தர்சா,

இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கரை முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதுவேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

உன் கடிதத்தை லூயிஸ்போர்ட்டில் வாங்கி, சந்தோஷத்தில் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இன்று காலை மறுபடி வடக்கே வந்துகொண்டிருந்தோம். மத்தியானம் உங்கள் ஊருக்கு எதிரே போவோம், இந்தத் தடவை தயாராக நிற்க வேண்டும் என்று ஓபட் மாமாவிடம் போனேன். தேவாலயம் பனிமலைக்குப் பின்னால் வந்தபிறகு கலங்கரை விளக்கம் பின்னால் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"முக்கால் மணிக்குக் கொஞ்சம் கம்மி" என்றார்.

"பன்னிரண்டு நிமிஷம்தானே?"

"பன்னிரண்டு நிமிஷமா? இது கப்பலு, பொண்ணே, கொக்கு இல்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அறுபது கோப்பை. பன்னிரண்டு நிமிடத்தில் அறுபது கோப்பையை யாரும் கழுவ முடியாது தர்சா. நான் கழுவியது நாற்பத்திரண்டு நிமிடம். முதல் படத்துக்குச் சாப்பாட்டு அறைக் கடிகாரம் பார்த்தேன், அது நம் ஊர் நேரம். இரண்டாவதுக்கு என் கைக்கடிகாரம் பார்த்தேன், அது கார்ட்ரைட்டில் நான் அரை மணி பின்னால் தள்ளிய நேரம். அந்த முள்ளை யாரும் திரும்ப முன்னால் தள்ளவில்லை. இவ்வளவு பேர் இருக்கும் கப்பலில் ஒழுங்காக நேரம் மாற்றியவள் நான் ஒருத்திதான்.

ஓபட் மாமா வரைபடத்தில் பென்சிலால் மறுபடி கோடு போட்டார். இரண்டு மைல் இல்லை. கரையிலிருந்து முக்கால் மைல். நீளத்திட்டுக்கு மிக உள்ளே. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் காற்றைப் பார்த்தார்.

"வடகிழக்கு" என்றார்.

ரேடியோவில் நீங்களே சொல்லுங்கள் மாமா என்று கெஞ்சினேன். "யாரு சொன்னாலும் ஹெட்லி நம்ப மாட்டான். தப்பு எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் நம்புவான். அது உன் வாயில இருந்து வரணும்" என்றார். அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கப்பல் ரேடியோவை வீட்டுக்கு வீடு திறந்துவைத்துக்கொண்டு ஊர் வம்பு கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். நீயும் நானும் எத்தனை நாள் கேட்டிருக்கிறோம். எல்லாருக்கும் கேட்கும்படி கைக்கடிகாரத்தையும் அறுபது கோப்பையையும் கார்ட்ரைட்டையும் சொன்னேன். முடித்ததும் எங்கிருந்தோ ஒரு மீன்படகுக்காரர், "ஏம்மா, எங்க வீட்டுலயும் கோப்பை கெடக்குது, வர்றியா?" என்றார். ஓபட் மாமா ஒலிவாங்கியைப் பிடுங்கி அவரைத் திட்டிய திட்டை நான் எழுத மாட்டேன். உண்மையை எழுதுவேன் என்றுதான் சொன்னேன், எல்லாத் திட்டையும் எழுதுவேன் என்று சொல்லவில்லை.

மத்தியானம் உங்களைத் தாண்டினோம். கப்பல்தலைவரிடமே போய், கொஞ்சம் மெதுவாக்குங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டல். பனிமூட்டம் தண்ணீரிலிருந்து ஓர் ஆள் உயரம் மேலே எழும்பியிருந்தது, போர்வையைத் தூக்கிப் பிடித்ததுபோல. அதற்குக் கீழே ஒன்றைப் பார்த்தேன். ஒரு படம் எடுத்தேன், ஒன்றே ஒன்று. அது என்ன என்று இப்போது எழுத மாட்டேன். ரோலையும் அனுப்ப மாட்டேன். உங்கள் வலை போயிருந்தால் அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

லெவினா


மஸ்கெட் கோவ்
26 ஜூலை

லெவினா,

திட்டத்தான் போகிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

புதன்கிழமை காலை. மீனை இறக்கிவிட்டு எல்லோரும் அடுக்களையில் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. "ஹெட்லி மாமா, நான் லெவினா பேசுறேன்" என்று வந்ததும் அம்மா, "அய்யோ, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்தாள். நீ அறுபது கோப்பை என்று சொன்னபோது பெரியப்பா ரொட்டியைத் தட்டில் வைத்தார். நீ முடிப்பதற்குள் அப்பா பூட்ஸை மாட்டிவிட்டார். பெரியப்பா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "கத்திய எடுத்துக்கோ, ஹெட்லி, அவுக்க நேரம் இருக்காது" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு படகு போயின. நானும் அம்மாவும் பெரியம்மாவும் பாறையில் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. பனிமலை மட்டும் காதில் கேட்டது. உள்ளே யாரோ மேஜை நாற்காலியை நகர்த்துவதுபோல ஒரு சத்தம், நடுநடுவே துப்பாக்கி வெடிப்பதுபோல. மத்தியானத்துக்குப் பிறகு உன் கப்பலின் ஊதல் கேட்டது. உன்னை அப்போது என்னவெல்லாம் திட்டினேன் என்று நானும் எழுத மாட்டேன்.

நாலரை மணிக்கு வந்தார்கள். நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு வலையை அப்படியே படகுக்குள் இழுத்திருக்கிறார்கள். நாலு சுவரும் தரையும் வந்துவிட்டன. கரையிலிருந்து மீனை வாசலுக்கு இட்டுவரும் வழிவலை போய்விட்டது, கை விரித்து அளந்த ஐம்பது பாகமும். அதற்கு நின்றிருந்தால் ஆளும் போயிருப்பார்கள். மறுநாள் காலை பனிமலை ஷாக் பாறை மேல் உட்கார்ந்திருந்தது. நம் இடத்தில். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வாடகைக்கு வந்ததுபோல.

ஆக, வலை இருக்கிறது, இடம் போயிற்று. புது வழிவலை முடிந்தால் ஆகஸ்டில் வேறொரு மோசமான இடத்தில் கட்டலாம். அதனால் நான் கப்பலுக்கு வர முடியாது. மூன்றாவது கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு.

இப்போது திட்டு. உன்னை ஒரு பங்கு, என்னை ஒரு பங்கு. அறுபது கோப்பை என்ற வரியை நான் இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டில் பதினான்கு கோப்பை கழுவவே கால்மணி ஆகிறது. எனக்கு உறுத்தியது. உன் பீற்றல் என்று தள்ளிவிட்டேன். ஏனென்றால் நூல் நீளத்திட்டின் மேல் வெட்டியது எனக்குப் பிடித்திருந்தது. பெரியப்பா எல்லார் முன்னாலும் தோற்றது பிடித்திருந்தது. உண்மை எழுதுகிறவள் நீ ஒருத்தி மட்டும் இல்லை.

அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதில் தினமும் நாலு தடவை என்னிடம் வந்து, "தர்சா, மணி என்ன கண்ணு?" என்று கேட்கிறார். கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே கேட்கிறார். பெரியம்மாவுக்கும் தொற்றிவிட்டது. நேற்று பாதிரியாரும் கேட்டார். எனக்குத் தலையைப் பாறையில் முட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அப்பா ஒன்றுதான் சொன்னார். "அடுத்த தடவ ரெண்டு கடிகாரத்தையும் பாக்கச் சொல்லு."

அடுத்த தடவை என்றார். கவனி.

அந்தப் படம் என்ன? ஒளித்துவைக்காதே. பிடிக்காது எனக்கு.

தர்சா


செயிண்ட் அந்தோனி, தபால் படகுத் துறை
31 ஜூலை

தர்சா,

ஏறும் துறை, இறங்கும் துறை எல்லாவற்றிலும் எனக்கு இப்போது ஒரே பெயர்தான். மேக்கோவிக்கில் ஒரு தாத்தா மூட்டையை இறக்கிவிட்டு, "அறுபது கோப்பை நீதானா? நான் உசரமா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார். அதையும் பதிவு செய்கிறேன்.

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. படித்துவிட்டு அம்மாவிடம் போய், நான் இங்கேயே இறங்கித் தபால் படகில் மஸ்கெட் கோவ் போகிறேன் என்றேன். எனக்கு வலை முடியத் தெரியாது. ஆனால் வலை ஊசியில் நூல் நிரப்பத் தெரியும். ஐம்பது பாகத்துக்கு எத்தனை ஊசி நிரப்ப வேண்டுமோ அத்தனையும் நிரப்புகிறேன். அம்மா கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "போய்த் தொலை. இங்க கோப்பையாவது உடையாம இருக்கும்" என்றாள். பிறகு பேக்காப்பிள் காட்டுப்பழ ஜாம் ஒரு புட்டி, ஒரு ரொட்டி, தன் கைக்கடிகாரம் மூன்றையும் என் பையில் திணித்தாள். என் கடிகாரத்துக்கும் புது வார் போட்டாயிற்று. இரண்டும் ஒரே மணி காட்டுகின்றன. சாவி கொடுத்து, துறைமுகக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, தபால்காரரிடமும் கேட்டுக்கொண்டேன்.

ஓபட் மாமா கீழே வந்து வழியனுப்பினார். "கப்பல் நிக்காதுன்னு சொன்னேன். நீ நிக்கிறியே, அது போதும்" என்றார்.

இந்தக் கடிதமும் நானும் ஒரே படகில்தான் வருகிறோம். ஆனாலும் எழுதுகிறேன், நேரில் பார்த்தால் முதலில் திட்டுவாய், சொல்ல விடமாட்டாய்.

அன்று எடுத்த படம் இதுதான். பனிமூட்டத்துக்குக் கீழே பனிமலையின் அடி தெரிந்தது. அதன் அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி. முதலில் நீர்க்காகம் என்று நினைத்தேன். புள்ளிக்குள் புள்ளிகள் குனிந்து நிமிர்ந்தன. படகுகள் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அந்தப் பனிமலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியவே இல்லை தர்சா. பக்கத்தில் உன் அப்பா நின்றபோதுதான் தெரிந்தது. அழகு என்று எழுதினேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்தில் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கரை, படகு, ஆள். குப்பை எதையும் விலக்கவில்லை. ஆனால் கம்பியில் சாய்ந்தேனா என்றுகூட நினைவில்லை. படத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ரோல் என் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

லெவினா

பின்குறிப்பு, 2 ஆகஸ்ட், மஸ்கெட் கோவ், உங்கள் வீட்டுச் சாமான் அறை: துறையிலேயே திட்டிவிட்டாய், அதனால் அதை விவரமாக எழுதவில்லை. இன்று நிரப்பிய ஊசிகள் முப்பத்தொன்பது. உன் அப்பாவும் பெரியப்பாவும் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். பெரியப்பா மணி என்ன என்று கேட்டார். இரண்டு கடிகாரத்தையும் பார்த்துச் சொன்னேன். உன் அப்பா, "சரி, அந்தப் படத்தக் கொண்டாங்க" என்றார். ஜன்னலில் கம்பளி ஆணியடித்தாயிற்று. தட்டுகளில் மருந்து ஊற்றியாயிற்று. நீ என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எழுதினது போதும்டி, ரோலப் பிரிக்கணும்" என்கிறாய். இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் அது என் தப்பு இல்லை, நீ விளக்குகளை அணைத்துவிட்டாய்.